போன பார்வையும் இருக்கும் பார்வையும்

கொல்லிமலை பைல் நாட்டில் சரிவு வயலுக்கு ஏன் கல்லை அடுக்கிக் கரை கட்டுகிறோம்? மழையில் போன மண் திரும்பாது. இருக்கிற மண்ணாவது நிற்க வேண்டும். கண் நீர் அழுத்த நோய்க்குப் போடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். அது போன பார்வையைத் திருப்பித் தராது. இருக்கும் பார்வையைக் காக்கும். கண்புரை வேறு. அதற்கு அறுவை செய்தால் பார்வை தெளியும். கண் நீர் அழுத்த நோயில் கண் நரம்பே கெடுகிறது. கெட்ட நரம்பு மீளாது.

"வலியே இல்லையே, எதற்கு மருந்து?" என்று கேட்கலாம். பெரும்பாலும் வலிக்காது. பக்கப் பார்வைதான் முதலில் குறையும். நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் நமக்கே தெரியாது. "சொட்டு போட்டும் பார்வை கூடவில்லையே" என்று நிறுத்தினால், கரையை நாமே உடைப்பதாகும். "மருத்துவமனைக்குப் போக எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே" என்பது நியாயமான கவலை. ஆனால் தினமும் இறங்க வேண்டாம். டாக்டர் சொன்ன தேதியில் நாமக்கல் அரசு மருத்துவமனைக்குப் போனால் போதும். மருந்து தீரும் முன்பே வாங்கி வையுங்கள்.

கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரம் இரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள். வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். போன பார்வை திரும்பாது. இருக்கும் பார்வையைக் காப்போம்.