தடையும் விடையும்



எழுதியதைப் பிறர்முன் வைத்துக் குறை கேட்பது பற்றியும், கேட்டபின் திருத்துவது பற்றியும் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இதனைப் பேசக் காஞ்சி பொருத்தமான ஊர். கந்தபுராணம் அரங்கேறிய மண்டபம் குமரகோட்டத்தில் இன்றும் இருக்கிறது.

கச்சியப்ப சிவாசாரியார் பற்றிய மரபுவழிக் கதை நீங்கள் அறிந்ததே. அவர் நாள்தோறும் 100 பாடல்கள் இயற்றி, இரவில் கருவறையில் வைத்துச் செல்வார். காலையில் முருகன் செய்த திருத்தங்கள் ஏட்டில் இருக்கும். அரங்கேற்ற நாளிலோ, முதற்பாடலின் முதற்புணர்ச்சியிலேயே ஒரு புலவர் தடை எழுப்பினார். 'திகழ்' என்னும் சொல்லின் ழகரம் வருமொழித் தகரத்தோடு கூடி டகரமாவதற்குத் தொல்காப்பியத்தில் விதி எங்கே என்று கேட்டார். அந்த அடியோ முருகனே எடுத்துக் கொடுத்தது! ஆயினும் அவை அதனை விட்டுக்கொடுக்கவில்லை. அரங்கேற்றம் அன்று நின்றது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவரொருவர் வீரசோழியத்தைப் பிரித்து விதியைக் காட்டினார். நூல் மேலே சென்றது.

இக்கதையில் இருவகைத் திருத்தங்கள் இருப்பதைக் கருதுங்கள். கருவறையில் கிடைத்த திருத்தங்களை ஆசிரியர் ஏற்றார். அவையில் எழுந்த தடைக்கோ ஓரெழுத்தும் மாறவில்லை, சான்று தேடப்பட்டது. குறை கேட்டவுடன் அழிப்பதும் திருத்தமன்று. முகம் வாடி எழுந்து செல்வதும் துணிவன்று. எதனை மாற்றுவது, எதனைச் சான்றோடு நிறுத்துவது என்று பிரித்தறிவதே எழுத்தாளன் கடமை.

மற்றொன்று. வீரசோழியம் வீரராசேந்திரன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றியது. சைவ புராணத்திற்கு விடை பௌத்தர் நூலிலிருந்து வந்தது. நமக்கும் விடை வட்டத்துக்கு வெளியிலிருந்து வரக்கூடும்.

கோர்வைச் சேலை நெய்யும் ஒருவரின் தனிமையைப் பற்றி நம்மில் ஒருவர் சிறுகதை எழுதுகிறார் என்று கொள்வோம். குழித்தறியில் அவர் மட்டும் அமர்ந்திருக்கிறார். கவிஞர்கள் நடையைப் பாராட்டுவார்கள். பின்வரிசையில் இருக்கும் நெசவாளர் ஒருவர் மட்டும் கேட்பார்: "கோர்வைக்கு மூன்று நாடா ஆயிற்றே, மறுகரை நாடாவை எறிய ஆள் எங்கே?" இது சிறுபிழை போலத் தோன்றும். ஆனால் பக்கத்தில் ஒரு சிறுவனையோ மனைவியையோ அமர்த்தினால் கதையே மாறிவிடுகிறது. இனி அத்தனிமை, இன்னொருவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே வாட்டும் தனிமை. ஒரு தகவலைத் திருத்தப் போனவருக்கு முன்னினும் ஆழமான கதை கிடைத்துவிடுகிறது.

பத்தாண்டுகள் கூடியிருக்கிறோம். கூடிப் பழகியவர்களிடையே நட்பு வளரும். நட்போடு தயக்கமும் வளரும். ஒருவர் படிக்க மற்றவர் 'அருமை' என்பதும், அடுத்த மாதம் அவர் படிக்க இவர் 'அருமை' என்பதும் மாலை மாற்றலே தவிர இலக்கியப் பணியாகாது. பாராட்டு மட்டுமே பெறும் இளைஞர், தம் படைப்பை எவரும் ஊன்றிக் கேட்கவில்லை என்பதை விரைவில் உணர்ந்துகொள்வார். பிறகு வரமாட்டார்.

ஆகவே ஒரு விண்ணப்பம். தடை சொல்பவர் அந்தப் புலவரைப்போல் இடத்தைச் சுட்டி, காரணத்தோடு சொல்லட்டும். படைத்தவர் அன்றே விடை கூறவேண்டாம், அவகாசம் பெறட்டும். அடுத்த கூட்டத்தில், திருத்திய படியையோ திருத்தாமைக்குச் சான்றையோ கொண்டுவரட்டும். முதற்சொல்லில் நின்ற அரங்கேற்றம் 10,000 பாடல்களுக்கு மேல் நடந்து நிறைவேறிய ஊர் இது.