குளிர்நாட்டு உலையும் நம் ஈரக் குப்பையும்

 அந்தமான் தலைநகரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் தமிழில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு இது. இலக்கியம் கேட்க வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இந்தத் தீவில் அரிசியும் பருப்பும் சோப்பும் கப்பலேறி வருகின்றன. விளக்கெரிக்க டீசலும் அப்படித்தான் வருகிறது. சூரிய மின்நிலையங்கள் வந்திருந்தாலும், இரவில் இந்த ஊரைத் தாங்குவது இன்னும் டீசல் ஜெனரேட்டர்தான். ஆனால் நாம் தின்று, உரித்து, மிச்சம் வைத்து எறிவதெல்லாம் பல ஆண்டுகளாக புரூக்‌ஷாபாத் குப்பை மேட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு கேள்வி இயல்பாக எழுகிறது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே, இங்கே ஒரு உலை கட்டினால் என்ன? கோபன்ஹேகன் ஆலையின் கூரையில் பனிச்சறுக்கு விளையாடும் படத்தைப் பார்த்தவர்கள் இன்னும் ஆசையோடு கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல, அந்த நாடுகளில் உண்மையில் என்ன நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்வீடனில் குப்பை உலைகள் பெருகும் முன்பே குழாய் வந்துவிட்டது. 1948இல் கார்ல்ஸ்டாட் நகரில், ஒரே இடத்தில் வெந்நீர் காய்ச்சி நிலத்தடிக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் முறை தொடங்கியது. அந்த வெந்நீர்தான் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கிறது. ஊர் ஊராகப் பரவிய இந்த முறைக்கு அன்று பெரும்பாலும் எண்ணெய்தான் எரிபொருள். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வேறு எரிபொருள் தேடினார்கள். குப்பையும் மரச்சிதறலும் அந்த இடத்துக்கு வந்தன. பிறகு சட்டங்கள் வந்தன: 2000இல் குப்பை புதைப்பதற்கு வரி, 2002இல் எரியக்கூடிய குப்பையைப் புதைக்கத் தடை, 2005இல் மக்கும் குப்பையைப் புதைக்கத் தடை. இன்று அங்கே வீட்டுக் குப்பையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட மண்ணுக்குள் போவதில்லை.

இதில் குளிருக்கு என்ன வேலை என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எரிக்கும் குப்பையின் வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் மட்டும் எடுத்தால், ஏறத்தாழ கால் பங்குதான் தேறும். மிச்சம் முக்கால் பங்கு வெப்பம். ஸ்வீடனில் அந்த முக்கால் பங்குக்கு வீட்டுக்கு வீடு வாடிக்கையாளர் இருக்கிறார். ஈரமும் அவர்களுக்குப் பெரிய நட்டமில்லை. குப்பையிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் குடித்துவிடும். ஆனால் வீடுகளைச் சுற்றி ஆறித் திரும்பும் குழாய்த் தண்ணீரை வைத்து அந்த ஆவி கலந்த புகையைக் குளிர்வித்தால், ஆவி மறுபடி நீராகிக் குடித்த வெப்பத்தைக் கக்கிவிடும். அதையும் பிடித்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள். நம் ஊரில் யாருக்கு வெந்நீர்க் குழாய் வேண்டும்? ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில், வாழைப்பழத் தோலும் மீன் கழிவும் சோறும் கலந்த குப்பையில் ஒரு கிலோ தண்ணீரை விரட்டவே 600 கிலோ கலோரி செலவாகும். அந்த வெப்பம் ஆகாயத்தோடு போகும்.

இது நம் நாடு ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்ற பாடம். 1987இல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் எரியுலை கட்டினார்கள். நாளொன்றுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். 21 நாள்தான் ஓடியது. வந்த குப்பையில் ஈரமும் மண்ணும் மிகுந்திருந்தன. உலை எதிர்பார்த்த வெப்ப அளவில் பாதிகூட அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிலோவுக்கு 1,500 கிலோ கலோரி அல்லது அதற்கு மேல் உள்ள, மறுசுழற்சி செய்ய முடியாத குப்பையைப் புதைக்காமல் ஆற்றலுக்கே பயன்படுத்த வேண்டும் என்று கூறின.

இன்னொன்றும் தீவுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எரித்தாலும் சாம்பல் மிஞ்சும். புகை வடிகட்டியில் படியும் நுண்சாம்பலில் கன உலோகங்கள் உண்டு. அதைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. ஸ்காண்டிநேவியாவின் நுண்சாம்பலில் பெரும் பங்கு ஆஸ்லோ கடற்கழியிலுள்ள லாங்ஓயா என்ற தீவுக்குத்தான் போனது. சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தில், அமிலக் கழிவோடு சேர்த்து இறுக்கிப் புதைத்தார்கள். ஒரு தீவு அந்தச் சுமையை ஏற்ற கதை இது. நமக்கு அப்படி ஒரு பள்ளம் வேண்டாம்.

அப்படியானால் குளிர்நாட்டிடம் கற்க ஒன்றுமில்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் அதை உலைக்கு வெளியே தேட வேண்டும். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரம் இறைச்சிக் கூடக் கழிவையும் உணவுக் கழிவையும் காற்றுப் புகாத தொட்டியில் புளிக்கவிட்டு எரிவாயு எடுக்கிறது. நகரப் பேருந்துகள் அதில் ஓடின. 2005இல் அந்த வாயுவில் ஒரு ரயிலையே ஓட்டினார்கள். 2024 ஜனவரியிலிருந்து ஸ்வீடனில் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்துத் தருவது கட்டாயம். எரிப்பதில் உலகெங்கும் பெயர் பெற்ற நாடு, ஈரக் குப்பையை நெருப்பிலிருந்து வெளியே எடுக்கிறது. பிளாஸ்டிக்கை எரித்து வரும் ஆற்றல் புதுப்பிக்கத்தக்கதும் ஆகாது. அது பெட்ரோலியத்தின் மறுவடிவம். ஈரக் குப்பைதான் உண்மையிலேயே ஆண்டுதோறும் மண்ணிலிருந்து வருவது.

இங்கேதான் நம் வெயில் நமக்குத் துணை. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். குளிர்நாட்டில் தொட்டியைச் சூடாக்கவே எடுத்த வாயுவில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். அந்தமானில் அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. கோபர் கேஸ் வைத்திருக்கும் எந்த மாட்டுக்காரருக்கும் இது தெரியும்.

நன்றாகப் பிரித்த ஒரு டன் உணவுக் கழிவில் சுமார் 100 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். அடுப்புக்கு என்றால் அது 14.2 கிலோ சிலிண்டர் மூன்றுக்குச் சமம். மின்சாரமாக்கினால் ஏறத்தாழ 200 யூனிட். ஐம்பது லிட்டர் அளவு டீசல் மிச்சம். இந்தக் கணக்கை நான் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. தலைநகரின் மின்தேவையில் இது சிறு துளி. ஆனால் அடுப்பில் நேரே எரித்தால், கப்பலில் வரும் கேஸுக்கு உள்ளூரிலேயே மாற்று கிடைக்கிறது. குப்பை மேட்டில் நாற்றமும் எலியும் குறைகின்றன.

இந்தூரில் 2022 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை எடுக்கும் திறன் கொண்டது; 17 டன் அளவில் சிஎன்ஜி தருவது அதன் இலக்கு. அந்த ஆலையைப் பார்க்கப் போகிறவர்கள் எந்திரத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். அதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பே வீட்டுவாசலில் ஈரம் வேறு, உலர் வேறு என்று வாங்கத் தொடங்கியதைப் படம் எடுக்க முடியாது. அந்தப் பழக்கம் இல்லாமல் ஆலை இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை அரைவை எந்திரத்தில் சுற்றிக்கொண்டால் அன்றைய வேலை நின்றுவிடும்.

என் கருத்து இது. நகரம் முழுவதற்கும் பெரிய ஆலை என்று தொடங்க வேண்டாம். மீனும் காய்கறியும் விற்கும் ஒரு சந்தை, அதைச் சுற்றியுள்ள ஓட்டல்கள், ஒரு விடுதிச் சமையற்கூடம்: இவற்றை வைத்து ஒரு டன் தொட்டி ஒன்றைக் கட்டி, இரண்டு பருவமழையையும் தாண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். இளநீர் மட்டையை அதில் போடக் கூடாது. அது நாராகவே கிடக்கும், தனியே உலர்த்தி எரிக்கலாம். தினமும் எத்தனை கிலோ வந்தது, எத்தனை கன மீட்டர் வாயு வந்தது, எந்த நாள் நின்றது, ஏன் நின்றது என்று சந்தை வாசல் பலகையிலேயே எழுத வேண்டும். வெளியேறும் கூழைச் சுற்றுவட்டத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம். தொட்டியை ஓட்ட மெயின்லாண்டிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டாம். இன்று நம் வாசலில் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர்களுக்கே அந்தப் பயிற்சியும், பயிற்சிக்கேற்ற கூடுதல் சம்பளமும், கையுறையும் தர வேண்டும் என்று நகராட்சியிடம் இந்த வார்டு மக்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.