ஆடாமப் போன வருஷம்

(விருத்தாசலத்தில் நடந்த மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. எனக்கு முன்னாடி பேசின தோழர் பஞ்சமி நிலத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாரு. அதுக்கப்புறம் ஒருத்தன் எழுந்து கபடியைப் பத்திப் பேசினா சிரிப்பாத்தான் இருக்கும். பரவாயில்ல. நான் பேசப்போறதும் நிலத்தைப் பத்திதான். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுண்ணாம்புல கோடு போட்ட நிலம்.

எங்க ஊர்ல மைதானம்னு ஒண்ணு இருக்கு. ஊர்த்தெருவுல, மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ல. காணும் பொங்கலுக்கு அங்கதான் கபடிப் போட்டி. எங்க காலனி டீம் பேர் கொடுக்கப் போனா வேணாம்னு யாரும் சொல்லமாட்டாங்க. "டீம் நெறஞ்சிடுச்சிப்பா"ன்னு சொல்லுவாங்க. வருஷா வருஷம் நெறஞ்சிடும். நாங்க தண்ணி வத்தின ஏரியில ஆடினம். மழை பெஞ்சா ஆட்டம் இல்ல. யாரையும் கேக்காம, யாருக்கும் ஒதுங்காம நான் ஒரு களத்துல மொதல்ல எறங்கினது கல்லூரியிலதான். அது இந்த ஊர்க் கல்லூரி இல்ல, மாவட்டத்துல வேற ஒண்ணு. பேரு வேணாம். அங்க ஊர்த்தெருப் பையனும் நானும் ஒரே பனியன் போட்டம், கை கோத்து ஆளைப் பிடிச்சம். சாயந்தரம் பஸ் விட்டு எறங்கினா அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதையும் சொல்லிடணும்.

கபடி எப்படிப்பட்ட ஆட்டம்னு யோசிச்சிப் பாருங்க. மூச்சை அடக்கிப் பாடிக்கிட்டே எதிராளி எடத்துக்குள்ள போவணும், தொடணும், பிடிபடாம திரும்பி வரணும். தொட்டாத்தான் புள்ளி. தொடாதேன்னு சொல்லி வளர்த்த ஊர்ல, நான் தொட்டா அவன் வெளிய போயி உட்காரணும்! ஆடினவங்களுக்கு அந்த சந்தோஷம் தெரியும்.

இந்த ஊர் பீங்கான் ஊரு. தொழிற்பேட்டையில பியூஸ் கட்டையும் கோப்பையும் பொம்மையும் செய்யிறாங்க. நானும் இன்னைக்கு ஒரு பட்டறையிலதான் சூளை அடுக்கிறேன். அதனால ஒரு கோப்பைக் கதை. பல்வாங்கர் பாலுன்னு ஒரு பந்து வீச்சாளர், தோல் தொழில் சாதியில பொறந்தவர். பூனாவில இந்துக்கள் கிரிக்கெட் அணிக்கு அவர் பந்து வேணும். ஆனா தேநீர் இடைவேளையில மத்தவங்களுக்கு உள்ள பீங்கான் கோப்பை, அவருக்கு வெளிய மண் குவளை. குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடலாம். அவர்தான் 1911-ல இங்கிலாந்துக்குப் போயி நூறு விக்கெட்டுக்கு மேல எடுத்தாரு. அவரைக் கேப்டன் ஆக்கல. அவர் தம்பி விட்டல்தான் 1923-ல இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆனாரு. விளையாட்டுல சாதி இல்லன்னு யாராவது சொன்னா இந்தக் குவளையைக் கேளுங்க.

இப்போ 2020. நான் இரண்டாம் ஆண்டு. ஆதிதிராவிடர் விடுதியில தங்கிப் படிச்சேன். பிப்ரவரி கடைசியில புவனேஸ்வரத்துல மொதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி நடந்துது. விடுதியில ஒரு செல்போனைச் சுத்தி இருபது பேர் உட்கார்ந்து கபடி பார்த்தம். அதே வாரம் எங்க பி.டி. சார் ஒரு தாள்ல பன்னிரண்டு பேர் எழுதினாரு, அடுத்த வருஷ டீம்னு. அதுல எட்டுப் பேர் காலனிப் பசங்க. "இந்த வாட்டி பல்கலைக்கழக டீமுக்கு ரெண்டு பேராவது போவணும்டா"ன்னாரு.

மார்ச் 16-ம் தேதி அறிவிப்பு வந்துது. 31 வரைக்கும் கல்லூரி லீவு. ரெண்டு வாரந்தானேன்னு சந்தோஷமாத்தான் பையைத் தூக்கினம். கல்லூரி மூடினா எங்களுக்கு மூணு மூடுதுன்னு அப்போ புரியல: வகுப்பு, மைதானம், விடுதிச் சோறு. வசதியானவன் வீட்டு மாடியில ஓடுவான், முட்டை சாப்பிடுவான். எங்க வீட்ல மாடியே இல்லியே.

எங்க டீம்ல ரெய்டர் ஒருத்தன் இருந்தான். பேரைச் சொன்னா கோவிச்சுக்குவான். அவன் பாடிப் போனா ஒருத்தனையாவது தொடாம வரமாட்டான். ரெண்டு வார லீவுன்ன உடனே மாமாவோட கோயம்பேட்டுக்கு மூட்டை தூக்கப் போயிட்டான். அங்கேயே மாட்டிக்கிட்டான். மே மொத வாரத்துல காய்கறி லாரியில வந்து எறங்கினான். ஞாபகம் இருக்கும் உங்களுக்கு, கோயம்பேட்டுலேர்ந்து வந்தவங்களால கடலூர் மாவட்டத்துல ஒரே நாள்ல நூத்துக்கு மேல தொற்று வந்துது. பள்ளிக்கூடம், கல்லூரி, மண்டபம் எல்லாத்திலும் ஆளைப் பிடிச்சி வெச்சாங்க. கோயம்பேட்டுக்கு ஊர்த்தெரு ஆளும்தான் போயிருந்தான். ஆனா டீக்கடையில பேச்சு, "காலனிக்காரன் கொண்டாந்துட்டான்." அந்த நேரத்துலதான் டி.வி.யில 'சமூக விலகல்'னு ஒரு வார்த்தை. பொறவு 'சமூக இடைவெளி'ன்னு மாத்தினாங்க, 'தனிமனித இடைவெளி'ன்னாங்க. எங்க ஆயா கேட்டுது, "இதைப் புதுசாவா சொல்றானுவோ?"

இங்க ஒண்ணு நேர்மையாச் சொல்றேன். போட்டியை நிறுத்தினது தப்புன்னு நான் சொல்லல. மூச்சும் தொடுறதும்தான் ஆட்டம்னா, அந்த நோய்க்கு அதைவிட வசதி வேற என்ன? நிறுத்தணும்தான். என் புகாரு வேற. நிறுத்திட்டோம்னு யாரும் சொல்லல! அடுத்த மாசம் பார்க்கலாம், கல்லூரி திறந்ததும் பார்க்கலாம், சுற்றறிக்கை வரட்டும். இப்படியே ஓடிச்சி. இந்த வருஷம் கிடையாதுன்னு ஜூன்லயே சொல்லியிருந்தா அவன் அவன் வேலையைப் பார்த்திருப்பான். நான் தெனம் காலையில மணிமுத்தாத்து மணல்ல ஓடினேன். எங்கப்பா பட்டறைக்குக் கூப்பிட்டாரு. சீசன் வரப்போவுதுன்னு போவல. அந்த ஒரு வருஷக் கூலிய எங்கம்மா இன்னும் கணக்கு சொல்லுது.

சூளை வேலை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். 1200 டிகிரிக்கு மேல போவணும் பீங்கான். ஊரடங்கு அறிவிச்ச அன்னிக்கி எங்கப்பா வேலை செஞ்ச எடத்துல பாதி நெருப்புல சூளையை எறக்கிட்டாங்க. உள்ள இருந்த சரக்கு மண்ணும் இல்ல, பீங்கானும் இல்ல. மண்ணா இருந்தா கரைச்சி மறுபடி அச்சுல ஊத்தலாம். பாதி வெந்ததைக் கரைக்கவும் முடியாது. தூக்கிக் கொட்டினாங்க.

சரி, எல்லா ஆட்டமும் நின்னுதா? ஐ.பி.எல். 2020 செப்டம்பர்ல துபாய் பக்கம் போயி நடந்துது. புரோ கபடி 2020-ல நடக்கல. ஆனா 2021 டிசம்பர்ல பெங்களூர்ல ஒரே எடத்துல ஆளுங்களை அடைச்சி வெச்சி, பார்க்க ஆளில்லாமயே நடத்தினாங்க. காசு இருக்கிற ஆட்டத்துக்கு வழி இருந்துது. கல்லூரி ஆட்டத்துக்கு? 2020 டிசம்பர் 7 இறுதியாண்டுக்கு மட்டும் கல்லூரி திறந்தாங்க. பந்தல் மாதிரி புல் மொளைச்சிக் கெடந்துது மைதானம். நாங்களே செதுக்கினம். மார்ச்சில மறுபடி மூடியாச்சி. மேல ரெண்டாம் அலை. எங்க லெஃப்ட் கார்னர் பையனோட அம்மா அதுல போயிட்டாங்க. அப்புறம் யாரும் சீசனைப் பத்திப் பேசல. கடைசிப் பரீட்சையை வீட்டுத் திண்ணையில ஏ4 தாள்ல எழுதி முடிச்சம்.

நடுவுல ஒரு கூத்து. நம்ம மாவட்டக் கல்லூரியெல்லாம் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருந்துது. 2021 பிப்ரவரியில விழுப்புரத்துல ஜெயலலிதா பேர்ல புதுப் பல்கலைக்கழகம்னு சட்டம். ஆகஸ்டுல அதை எடுத்துட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட சேர்க்கச் சட்டம். எந்தப் பனியன்ல எந்தப் பேரைப் போடறதுன்னு பி.டி. சாருக்கே தெரியல. சிதம்பரம் கிட்டங்கறது என்னவோ நல்லதுதான். தேர்வுக்கு வேலூர் போக ராத்திரியே பஸ் ஏறணும் முன்னெல்லாம்.

அமெரிக்காவுல என்ன நடந்ததுன்னு பொறவுதான் படிச்சேன். அங்க கல்லூரி விளையாட்டுங்கறது கோடிக்கணக்கான டாலர். அதை நடத்துற என்.சி.ஏ.ஏ., 2020 மார்ச் 12 கூடைப்பந்துப் போட்டியை ரத்து செஞ்சுது. அதே மாசம் 30-ம் தேதி, வசந்தகால விளையாட்டுல சீசனை இழந்தவங்களுக்குக் கூடுதலா ஒரு வருஷம் ஆடலாம்னு அனுமதி கொடுத்தாங்க. ஆகஸ்டுல கால்பந்தைத் தள்ளி வெச்சாங்க சில கூட்டமைப்புங்க, டி.வி. பணம் போவுதுன்னதும் செப்டம்பர்ல மாத்திக்கிட்டாங்க. அங்கயும் குழப்பந்தான். ஆனா ஆகஸ்ட் 2-ம் தேதி, மேற்குக் கரைப் பல்கலைக்கழக ஆட்டக்காரங்க, அதுல நெறையப் பேர் கறுப்பினப் பசங்க, ஒண்ணாச் சேர்ந்து அறிக்கை விட்டாங்க. எங்க உடம்பை வெச்சிச் சம்பாதிக்கிறீங்க. நோய் வராமப் பாதுகாப்பு கொடு, ஆட பயமா இருக்குன்னு ஒதுங்கினா உதவித்தொகையைப் பறிக்காதே, வருமானத்துல பாதியைக் கொடு, நிறவெறிக்கு எதிரா என்ன செய்வேன்னு சொல்லு. கேட்டதெல்லாம் கெடைக்கல. ஆனா கேட்டாங்க.

நாங்க பன்னிரண்டு பேரு ஒரு மனு எழுதல. இதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். 2020 ஆகஸ்ட்ல அரியர் தேர்வை ரத்து செஞ்சப்ப முதலமைச்சருக்குப் பசங்க போஸ்டர் ஒட்டினாங்க, சிரிச்சம். 2021 செப்டம்பர்ல அரசு வேலைத் தேர்வுக்கு வயசு வரம்பை 2 வருஷம் ஏத்தினாங்க. தொற்றால தேர்வு நடக்கல, காலம் போச்சுங்கறதுதான் காரணம். ஆக, பரீட்சை எழுதறவனுக்கு இழந்த காலம்னு ஒண்ணு உண்டுன்னு அரசே ஒத்துக்கிச்சி. ஆடறவனுக்கு அது கிடையாதா? மூணு வருஷப் படிப்புல ஒரு சீசன் போனா மூணுல ஒரு பங்கு போச்சு. அதுவும் கடைசி வருஷம்.

சும்மா ஆசைக்காகச் சொல்லல. போலீஸ் வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. பல்கலைக்கழகத்துக்கு ஆடினேன்னு ஒரு சான்றிதழ் வேணும். 2022-ல 3,552 இடத்துக்குக் கூப்பிட்டாங்க. விண்ணப்பத்துல அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்னுது. இல்லைன்னு போட்டேன். நவம்பர்ல தேர்வு எழுதினேன், கொஞ்ச மார்க்குல போச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல பெங்களூர்ல ரெண்டாவது கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி நடந்து முடிஞ்சிருந்துது. மொதல் போட்டியைப் படிக்கும்போது பார்த்தேன், ரெண்டாவதைப் பட்டறையில பார்த்தேன். எனக்குப் பின்னாடி 2021-ல சேர்ந்த பசங்க ஆடினாங்க, சான்றிதழ் வாங்கினாங்க. சந்தோஷந்தான். நாங்கதான் நடுவுல.

நீங்க மாணவர்கள், கேளுங்க. சீசன் நின்னா எழுத்துல சொல்லச் சொல்லி, தேதி போட்டுக் கேளுங்க. தேர்வான பேரைப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க. எங்க பேரு பதிவேட்டுல இல்ல. ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள்லதான் இருக்கு. சார் ஓய்வு பெறும்போது என்கிட்ட கொடுத்தாரு. கொண்டாந்திருக்கேன், கடைசி வரிசைக்கும் தெரியட்டும்.

இதுல நாலு பேர் திருப்பூர்ல. ரெய்டரும் அங்கதான், பனியன் கம்பெனியில செக்கிங். ரெண்டு பேர் சென்னையில சாப்பாடு டெலிவரி. ரெண்டு பேர் நெய்வேலியில ஒப்பந்தத் தொழிலாளி. ஒருத்தன் அப்பா நிலத்தைப் பார்க்கிறான், ஊர்த்தெருப் பையன். ஒருத்தன் பி.பி.எட். முடிச்சான். ஒருத்தன் பொதுத் தேர்வு எழுதியே போலீஸ் ஆயிட்டான், கெட்டிக்காரன். பன்னிரண்டாவது நான்.

பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வருவாங்க. ஏரியில இந்த வருஷம் தண்ணி நிக்குது. ஊர்த்தெரு மைதானத்துக்கு இப்பவே எழுத்துல பேர் கொடுத்திருக்கேன், நகலும் கையில இருக்கு. இன்னும் பதில் வரல.