குராவும் நம்மூர் மைனாவும்

குக் தீவுகளில் அத்தியூ என்றதுமே போய் வந்தவர்கள் குகைக் கதையைத்தான் எடுப்பார்கள். இருட்டுக்குள் சொடுக்குப் போடுவதுபோல் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடிக்கும் கொபேக்கா உழவாரன்களின் கதை. அது இருக்கட்டும். இன்றைய நடை தீவின் நடுமேட்டில் உள்ள ஊர்களுக்கு, அங்கே வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழைகளுக்கு.

குலை தள்ளிய வாழை. தொங்கும் பூவைப் பற்றிக்கொண்டு ஒரு கிளியும் தலைகீழாகத் தொங்குகிறது. வயிறு குங்குமச் சிவப்பு, முதுகு பச்சை, பிடரியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தீற்றல். மைனாவைவிடச் சிறிய உருவம். காயை அது சீண்டுவதில்லை. மடலுக்குள் நாக்கை விடுகிறது. நாக்கு நுனியில் தூரிகைபோல் இழைகள். தேனை ஒற்றி எடுக்க அது போதும். பெயர் குரா.

அந்தச் சிவப்பே அதற்கு வினையானது. தலைவர்களின் தலையணிகளுக்காக இறகைப் பிடுங்கிப் பிடுங்கியே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் குக் தீவுகளில் இனமே அற்றுப்போனது. தென்கிழக்கே சுமார் 600 கி.மீ. தள்ளியிருக்கும் ரிமதாரா தீவில் தப்பியது. அங்கே பெயர் உரா. முதலெழுத்து உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 1900 வாக்கில் அத்தீவின் அரசி தமாயேவா ‘தபு’ விதித்தார்: இந்தப் பறவைக்குத் தீங்கு செய்யக்கூடாது, தீவைவிட்டுக் கொண்டுபோகவும் கூடாது. ஊர் அதைக் காத்தது.

மரமேறிக் கூட்டைச் சூறையாடும் கப்பல் எலி ரிமதாராவில் இல்லை, அத்தியூவிலும் இல்லை. அதனால்தான் 2007 ஏப்ரலில் 27 பறவைகள் விமானமேறி அத்தியூவில் வந்து இறங்கின.

வந்த இடத்தில் வழிமறித்தது யார் தெரியுமா? நம் மொட்டைமாடி மைனாதான்! தென்னையைத் தின்னும் குச்சிப்பூச்சியை ஒழிக்கட்டும் என்று ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் அதைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பூச்சிக்கு வந்தது, தீவு முழுக்கப் பெருகி, கூட்டைவிட்டு அப்போதுதான் வெளிவந்த குராக் குஞ்சுகளைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. 2009இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நஞ்சு வைத்தும், பொறி வைத்தும், கடைசியில் ஒவ்வொன்றாகச் சுட்டும் தீர்த்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேல். மைனாவைக் குறை சொல்லியும் பயனில்லை. அதுவாகவா கடல் தாண்டிப் போனது?

குகை பார்க்கப் போகிறவர்கள் திரும்பும்போது வாழையோரம் சற்று நில்லுங்கள். தலைக்கு மேல் செம்பருத்தி ஒன்று பறந்துபோனால், அதுதான் குரா.