பார்வையற்றோரும் வங்கிப் பணிகளும்

(பொம்மனஹள்ளியில் வங்கி அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பொம்மனஹள்ளி ஒரு காலத்தில் ஓசூர் சாலையோரத்துச் சிற்றூராக இருந்தது. பின்னர் தனி நகரசபையாக வளர்ந்து, 2007ஆம் ஆண்டில் பெங்களூரு மாநகராட்சியோடு இணைந்தது. இன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் கணினி நிறுவனங்களும் அருகருகே இயங்கும் பகுதி இது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. மாதத்தின் முதல் வாரத்தில் இங்குள்ள ஏ.டி.எம். அறைகளின் வாயிலில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்பதை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அவ்வரிசையில் பார்வையற்ற ஒருவர் நின்றால் அவருக்கு என்ன நேரும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். இவர்களுள் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், வங்கி ஊழியர்கள், சிறு வணிகர்கள், ஓய்வூதியம் பெறுவோர் என்று பலரும் உளர். 1969இல் 14 வங்கிகளும் 1980இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 2014இல் தொடங்கிய ஜன் தன் திட்டம் ஏழை எளியோர்க்கும் கணக்கைத் திறந்து வைத்தது. ஆயினும் கணக்கு இருப்பது வேறு. அதைத் தாமே இயக்குவது வேறு. பிறர் கையால் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டியில் உள்ள பணம், உரியவருக்கு முழுதும் சொந்தமானது என்று கூற இயலுமா?

இரகசிய எண்ணின் இரகசியம்

ஏ.டி.எம். முறையின் பாதுகாப்பு முழுவதும் ஒரே அடிப்படையில் அமைந்தது: அட்டை ஒருவரிடம், அதன் நான்கு இலக்க எண் அவர் நினைவில் மட்டும். அதனாலேயே 'எண்ணை எவரிடமும் கூறாதீர்' என்று வங்கி இடைவிடாது எச்சரிக்கிறது. ஆனால் பேசாத இயந்திரத்தின் முன் நிற்கும் பார்வையற்ற வாடிக்கையாளர், காவலரிடமோ வரிசையில் நிற்கும் அயலாரிடமோ அவ்வெண்ணைக் கூறியே தீரவேண்டும். விதியை மீறும்படி அவரைக் கட்டாயப்படுத்துவது இயந்திரமே. பின்னர் பணம் குறைந்தால், எண்ணை வெளியிட்டது உமது குற்றம் என்று அவரையே பொறுப்பாக்கவும் கூடும். உறவினரை நம்பினாலும் குறை தீராது. தம் சேமிப்பு எவ்வளவு, எப்போது எதற்காக எடுத்தோம் என்பதைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் உரிமை, குடும்பத்துக்குள்ளும் ஒருவருக்கு உண்டு. பெண்களுக்கு இது மேலும் முக்கியமானது.

சட்டமும் ஆணைகளும்

முன்பெல்லாம் வங்கிகள் பலவற்றில், பார்வையற்றவருக்குக் காசோலைப் புத்தகமோ ஏ.டி.எம். அட்டையோ பாதுகாப்புப் பெட்டகமோ தருவது இடர் நிறைந்தது என்ற எண்ணம் நிலவியது. இதனை மாற்றியது மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் நீதிமன்றம் 2005 செப்டம்பர் 5இல் பிறப்பித்த ஆணை. இடர் என்பது எல்லா வாடிக்கையாளர்க்கும் பொதுவானது. அதைக் காரணமாகக் காட்டி இவர்களுக்கு மட்டும் வசதியை மறுக்கலாகாது என்பதே அதன் சாரம். அவ்வாணையின் அடிப்படையில், மூன்றாம் நபருக்குரிய காசோலை, ஏ.டி.எம்., இணைய வங்கி, பெட்டகம், கடன், கடன் அட்டை ஆகிய அனைத்தையும் வேறுபாடின்றி வழங்கவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2008 ஜூன் மாதத்தில் எல்லா வங்கிகளையும் பணித்தது.

2009 ஏப்ரலில் அடுத்த படி எடுத்து வைக்கப்பட்டது. புதிதாக நிறுவும் ஏ.டி.எம்.களுள் மூன்றில் ஒரு பங்கேனும் பேசும் இயந்திரங்களாகவும் பிரெய்ல் விசைகள் கொண்டனவாகவும் இருத்தல் வேண்டும். வங்கிகள் தம்முள் கலந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றாவது கிடைக்கச் செய்யவேண்டும் என்றது அச்சுற்றறிக்கை. 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் யாவும் இத்தகையனவாக இருக்கவேண்டும் என்றும், பழையவற்றை மாற்றுவதற்கு வங்கிகள் கால அட்டவணை வகுக்கவேண்டும் என்றும் பின்னர் கூறப்பட்டது. குறைபார்வை உடையோர்க்காக எல்லாக் கிளைகளிலும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைக்கும்படி கூறியதும் அந்த 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தம் நிதி விவகாரங்களைத் தாமே நடத்தும் உரிமையும் வங்கிக் கடன் பெறும் உரிமையும் பிறர்க்கு நிகராக இவர்களுக்கும் உண்டு என்று அதன் 13ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஆகவே, இவ்வசதி கருணையின்பாற்பட்டதன்று, சட்டத்தின்பாற்பட்டது.

பேசும் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது?

உலகின் முதற் பேசும் ஏ.டி.எம். 1997 அக்டோபரில் கனடாவின் ஒட்டாவா நகரில் ராயல் வங்கியால் நிறுவப்பட்டது. இந்தியாவில் 2012 ஜூனில் யூனியன் பேங்க் ஆஃப் இந்தியா, ஆமதாபாத்தின் வஸ்திராபூரில் இத்தகைய இயந்திரம் ஒன்றைத் தொடங்கியது.

அதன் அமைப்பு எளிது. இயந்திரத்தின் முகப்பில் இயர்போன் செருகும் துளை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தம் இயர்போனைச் செருகியதும் குரல் தொடங்குகிறது. அட்டையை எங்கே நுழைப்பது, எந்த விசை எதற்கு, எவ்வளவு தொகை கேட்கப்பட்டது, பணம் எந்தப் பக்கம் வெளிவரும் என்பவற்றைப் படிப்படியாகக் கூறுகிறது. அருகில் நிற்பவர் எட்டிப் பார்க்காதவாறு திரையை இருளச் செய்யும் வசதியும் சிலவற்றில் உண்டு. இரகசிய எண்ணை அழுத்தும்போது குரல் அந்த எண்களைக் கூறாது. விசை அழுந்தியது என்பதற்கான ஒலி மட்டுமே கேட்கும்.

இங்கே ஒரு தவறான கருத்தைக் களையவேண்டும். விசைகளில் பிரெய்ல் புள்ளிகளைப் பொறித்துவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். எண் விசைகளைக் கண்டறிவது பார்வையற்றோருக்குப் பெரிய சிக்கலன்று. 5 என்னும் விசையின்மீதுள்ள சிறு புடைப்பைத் தொட்டால் ஏனைய எண்களின் இடம் தானே விளங்கும். சிக்கல் திரையில் உள்ளது. 'இருப்பு போதாது', 'பணம் இல்லை', 'மீண்டும் முயல்க' என்று திரை எழுத்தால் கூறுவதை விரல் எவ்வாறு அறியும்? மேலும், நடுவயதில் நீரிழிவாலோ கண்நீர் அழுத்த நோயாலோ பார்வை இழந்தோர் பலர் பிரெய்ல் கற்றவரல்லர். ஆகவே குரலே முதன்மையானது. புள்ளிகள் அதற்குத் துணை.

ஆணைக்கும் அறைக்கும் இடையில்

ஆணை தெளிவாக இருக்க, அறையில் நிகழ்வது என்ன? பேசும் இயந்திரம் என்று பதிவேட்டில் இருக்கும். துளையில் தூசி அடைத்திருக்கும். குரல் மென்பொருள் புதுப்பித்தலின்போது நின்றுபோயிருக்கும். பார்வையுள்ளோர் எவரும் அதைப் பயன்படுத்தாமையால் பழுது எவர் கவனத்துக்கும் வாராது. குரல் ஆங்கிலத்தில் மட்டும் ஒலிக்குமானால், ஓசூர் சாலைத் தொழிலாளிக்கு அதனால் ஆவதென்ன? குரல் கூறி முடிக்குமுன்பே காலக்கெடு தீர்ந்து அட்டை வெளிவந்துவிடுவதும் உண்டு. விசைகளை அகற்றிவிட்டு முற்றிலும் தொடுதிரையால் இயங்கும் இயந்திரங்களோ, வழவழப்பான கண்ணாடிமீது எண்ணைத் தேடச் சொல்கின்றன. கடைகளில் அட்டை தேய்க்கும் கருவிகளிலும் தொடுதிரை பரவிவருவதால், வணிகரிடம் எண்ணைக் கூறும் பழைய அவலம் திரும்பவும் தலைகாட்டுகிறது.

ரூபாய்த் தாளும் ஒரு சான்று. பழைய வரிசையில் 100 ரூபாய்த் தாளுக்கும் 500 ரூபாய்த் தாளுக்கும் நீளத்தில் 10 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. 2016இல் தொடங்கிய புதிய வரிசையில் 100, 200, 500 ஆகியவற்றின் நீளம் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர், அகலம் ஒன்றே. நான்கு மில்லிமீட்டரை விரலால் அளந்தறிவது கடினம். தாளில் புடைப்புக் குறிகள் உள்ளன; நாட்பட்ட புழக்கத்தில் அவை தேய்கின்றன. இக்குறையைப் போக்க, தாளின் மதிப்பைக் குரலால் கூறும் 'மணி' என்னும் கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. நல்ல முயற்சியே, எனினும் வடிவமைப்பின்போதே எண்ணியிருந்தால் செயலிக்கு இவ்வளவு தேவை எழுந்திராது.

கைப்பேசி தந்த வழியும் தடையும்

திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள் இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளது. 2016இல் வந்த யு.பி.ஐ. முறை, நன்கு அமைந்த செயலி வாயிலாகப் பார்வையற்றோர் பலரை ஏ.டி.எம். வரிசையிலிருந்தே விடுவித்தது. 2022 மார்ச்சில் தொடங்கிய '123பே' வசதியால் சாதாரணக் கைப்பேசியிலும் குரல்வழி பணம் செலுத்த இயலும். கடைகளில் வரவை உரக்க அறிவிக்கும் ஒலிப்பெட்டியைக் காணுங்கள். அது பார்வையற்றோருக்கென்று செய்யப்பட்டதன்று. ஆயினும் பார்வையற்ற வணிகர் ஒருவர் பிறர் துணையின்றித் தம் வரவை அறிய அதுவே உதவுகிறது. குரல் வசதி எல்லோர்க்கும் நன்மை பயக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தடைகளும் உள. படத்திலுள்ள எழுத்தைக் கண்டு தட்டச்சிடச் சொல்லும் சோதனை, பெயரிடப்படாத பொத்தான்கள், கணக்குத் தொடங்கும்போது கண் இமைத்துக் காட்டும்படி கேட்கும் ஒளிப்படச் சரிபார்ப்பு ஆகியவை பார்வையற்றோரை வாயிலிலேயே நிறுத்துகின்றன. இவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. மின்னணு வசதிகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, வாடிக்கையாளரை அறியும் நடைமுறையை மாற்றியமைக்க 20 நெறிமுறைகளை அது வழங்கியது.

நாம் செய்யத்தக்கவை

அலுவலர்களுக்குச் சில கருத்துகள். பேசும் ஏ.டி.எம்.களைப் பதிவேட்டில் எண்ணாமல், மாதந்தோறும் இயர்போன் செருகிச் சோதிக்கவேண்டும். பணம் நிரப்ப வருபவரின் சோதனைப் பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பாதிக் குறை தீரும். குரல், அவ்வட்டார மொழிகளில் ஒலிக்கவேண்டும். கிளை ஊழியர்க்கு இவ்வாணைகளை ஆண்டுதோறும் நினைவூட்டவேண்டும். ஏனெனில் இடமாறி வரும் அலுவலர், 'சாட்சியை அழைத்து வாருங்கள்' என்று பழைய வழக்கத்தையே தொடர்வது இயல்பு. எல்லாவற்றினும் மேலாக, புதிய இயந்திரத்தையோ செயலியையோ ஏற்குமுன் பார்வையற்றோரிடம் கொடுத்துச் சோதிக்கவேண்டும். அதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இத்தொகுதியைச் சேர்ந்த எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலேயே, 1990இல் மது சிங்கல் நிறுவிய மித்ர ஜோதி அறக்கட்டளை இயங்குகிறது. பார்வையற்றவரான அவர் தொடங்கிய அந்நிறுவனம் பேசும் நூலகத்தையும் பிரெய்ல் அச்சகத்தையும் கணினிப் பயிற்சியையும் நடத்திவருகிறது. சோதித்துச் சொல்லத்தக்கவர்கள் நம் அண்டையிலேயே உள்ளனர்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை இக்கருவிகளை வடிவமைக்கப் போகிறவர்கள். ஒரு பொத்தானுக்குப் பெயரிடச் சில நொடிகள் போதும். பெயரிடாமல் விட்டால் ஒருவர் பல்லாண்டுகள் பிறரை நாட நேரும். முடித்த பின்னர் திருத்துவது செலவு மிக்கது. தொடக்கத்தில் எண்ணுவது செலவற்றது. இதற்கிடையே, உங்கள் தெருவிலுள்ள ஏ.டி.எம்.மில் இயர்போனைச் செருகிப் பாருங்கள். குரல் வாராவிடில் வங்கிக்கு எழுதுங்கள். மறுமொழி இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை.

திட்டங்கள் எத்தனை கோடிக் கணக்குகளைத் திறந்தன என்று கணக்கிடுகிறோம். அவற்றுள் எத்தனை கணக்குகளை உரியவர் தம் கையாலேயே இயக்குகின்றனர் என்றும் இனி கணக்கிடுவோமாக.