தளம் போடுவதற்கு முன்னால் கேட்போம்

 

நம்மில் பல பேர் இப்போது வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3,50,000 ரூபாய் தருகிறது. பத்தாததற்குக் குழுவில் கடன் வாங்குகிறோம். கடனை அடைப்பது நாம். பகல் பூரா அந்த வீட்டுக்குள் இருப்பதும் நாம். ஆனால் சுவர் எப்படி, தளம் எப்படின்னு கொத்தனார் பேசும்போது மட்டும் டீயைக் கொடுத்துட்டு உள்ளே போயிடறோம். அப்புறம் சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனல் கக்குது. பிள்ளைகளோட வாசலில் பாய் போடறோம். "கூரை வீடே தேவலாம்"னு பெரியவங்க சொல்றாங்க.

கூரைக்குத் திரும்பச் சொல்லி நான் பேச வரவில்லை. மழைக்கும் நெருப்புக்கும் பயப்படாத வீடு நமக்கு வேணும். அதையே செலவும் சூடும் குறைவாகக் கட்ட வழி இருக்கு.

லாரி பேக்கர்னு ஒருத்தர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டிட வேலைக்காக 1945இல் இந்தியா வந்தார். பிறகு திருவனந்தபுரத்திலேயே தங்கி, 2007இல் இறக்கும் வரை ஏழை எளியவர்களுக்கு ஏற்ற வீடுகளைக் கட்டினார். அவர் பரப்பியதில் இரண்டு முறை நமக்கு ரொம்ப உதவும்.

ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவது. வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் வெற்றிடம். சுவர் அதே 9 அங்குலம்தான். ஆனால் 100 கல் பிடிக்கிற இடத்தில் சுமார் 75 கல் போதும். கலவையும் குறையும். நடுவில் காற்று நிற்பதால் வெயில் சூடு சட்டுன்னு உள்ளே இறங்காது. கல் மட்டும் ஒரே அளவாக, முனை உடையாமல் இருக்கணும். அடி வரிசையும், மூலையும், கதவு ஜன்னல் ஓரமும் கெட்டியாகக் கட்டணும்.

இரண்டாவது, ஃபில்லர் ஸ்லாப். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் அடியில் கயிறு இழுபடுது இல்லையா? தளத்திலும் பாரம் ஏறினால் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிக்கு நடுவில் இருக்கிற கான்கிரீட்டுக்குப் பெரிசா வேலை இல்லை. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓட்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் போடுவார்கள். பழைய ஓடே போதும். சிமெண்ட் குறையும், கம்பி குறையும், ஓட்டுக்குள் இருக்கிற காற்று சூட்டைத் தடுக்கும். ஆனால் கம்பி அளவை எஞ்சினியர்தான் கணக்குப் போடணும். திட்ட வீடு என்றால் ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கணும்.

தூரமே போக வேண்டாம். நம்ம விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில் பார்வையாளர் மையத்தை நம்மில் நிறையப் பேர் பார்த்திருப்போம். அது சூளையில் சுட்ட கல்லில் கட்டியது இல்லை. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்து, நூற்றுக்கு ஐந்து பங்கு போல சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்தி, தண்ணீர் விட்டு நாலு வாரம் ஆறவைத்த கல். விறகு எரிக்கிற வேலையே இல்லை. ஏழைகளுக்கான கட்டிடக் கலைக்காக எகிப்து நாட்டு ஹசன் ஃபாத்தி பெயரில் தரும் விருது 1992இல் அந்தக் கட்டிடத்துக்குக் கிடைத்தது. நம்ம மண்ணுக்குக் கிடைத்த மரியாதைன்னு நான் நினைக்கிறேன்.

ஏற்கெனவே வீடு கட்டி முடித்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். மொட்டை மாடியைக் கழுவி, வெயிலுக்கு முன்னால் இரண்டு கை சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ராத்திரி வித்தியாசம் தெரியும்.

கடைசியாக ஒன்று. கட்டிட வேலைக்குப் போகிற நம்ம அக்கா தங்கச்சிகள் எத்தனை வருஷம் மண் சுமந்தாலும் சித்தாள்தான். கொத்துக் கரண்டி கைக்கு வருவதில்லை, கொத்தனார் கூலியும் வருவதில்லை. கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் கொத்து வேலை பழகி, முழு வீட்டையே கட்டி முடிக்கிறார்கள். நம்மால் ஏன் முடியாது?

அதனால் கூட்டமைப்புக்கு இரண்டு கோரிக்கை வைக்கிறேன். வீட்டுக் கடன் தீர்மானம் போடும் கூட்டத்திலேயே, சுவரும் தளமும் எந்த முறையில் கட்டப் போறீங்கன்னு உறுப்பினரிடம் கேட்டுப் பேசணும். இந்த முறைகள் தெரிந்த கொத்தனாரை அழைத்து, நம் சித்தாள் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கணும். அஸ்திவாரம் தோண்டும்போதே கேட்டால் மாற்றலாம். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால் நாற்பது வருஷம் அந்தச் சூட்டில்தான் இருக்கணும்.