ஐந்தாண்டில் இரு பட்டங்கள்: சேரும் முன் கேட்க வேண்டியவை

(பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒட்டி, நமது ஜமாஅத்தின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

தேர்வு முடிவுகள் வெளிவந்த நாள் முதல் நம் இல்லங்களில் மூன்று கேள்விகளே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. எந்தக் கல்லூரி? எந்தப் பாடம்? எவ்வளவு செலவு? அண்மைக் காலமாக நான்காவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "ஹஜ்ரத், கம்ப்யூட்டர் படிப்பில் ஐந்தே வருடத்தில் இரண்டு டிகிரியும் கிடைக்குமாமே, சேர்த்துவிடலாமா?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். நாம் மத்ரஸாவில் ஓதியவர்கள். கணினி நிரல் எழுதக் கற்றவர்கள் அல்லர். எனினும், ஒரு படிப்பு எத்தனை ஆண்டு கேட்கிறது, பாதியில் நின்றவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பவை எல்லாக் கல்விக்கும் பொதுவான கேள்விகள். அவற்றைக் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

இப்படிப்பின் தன்மை என்ன?

இளநிலைப் பட்டத்தையும் முதுநிலைப் பட்டத்தையும் தனித்தனியே பயிலாமல், ஒரே சேர்க்கையில் தொடர்ச்சியாகப் பயில்வதே ஒருங்கிணைந்த படிப்பு. இடையில் மீண்டும் நுழைவுத் தேர்வு இல்லை; மீண்டும் கல்லூரி தேடி அலைதல் இல்லை. இளநிலையின் இறுதியாண்டிலேயே முதுநிலைப் பாடங்கள் தொடங்கிவிடுவதால் சில இடங்களில் காலமும் குறைகிறது. மேலை நாடுகளிலும் இம்முறை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம், தன்னிடம் மின்னியலும் கணினியியலும் பயிலும் இளநிலை மாணவருக்கென்றே ஐந்தாம் ஆண்டில் முடியும் எம்.இங். பட்டத்தை வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூன்றாண்டு முடித்தவர், தகுதி இருப்பின், நான்காம் ஆண்டும் பயின்று கணினி அறிவியலில் எம்.இங். பெறுகிறார்.

நம் மாநிலத்திலும் இது புதிதன்று. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும், கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் சாப்ட்வேர் சிஸ்டம்ஸ் என்னும் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. நடைபெறுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் தரவு அறிவியலில் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. உண்டு. வேலூர் வி.ஐ.டி.யில் மென்பொருள் பொறியியலில் ஐந்தாண்டு எம்.டெக். உண்டு. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் பி.டெக். பட்டத்தோடு ஆய்வு வழி எம்.எஸ். பட்டத்தையும் இணைத்துப் பயிலலாம். ஐ.ஐ.டி.களிலும் பி.டெக்., எம்.டெக். இரண்டையும் ஐந்தாண்டில் தரும் இரட்டைப் பட்டப் படிப்புகள் உள்ளன.

ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்

"ஓராண்டு மிச்சம்" என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இது எல்லா இடத்திலும் மெய்யன்று. காகிதமும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

பி.இ. நான்காண்டு, எம்.இ. இரண்டாண்டு, தனித்தனியே பயின்றால் ஆறாண்டு. ஆகவே பி.டெக்., எம்.டெக். இரண்டையும் ஐந்தாண்டில் தரும் படிப்பில் ஓராண்டு மெய்யாகவே மிஞ்சுகிறது. ஆனால் பி.எஸ்ஸி. மூன்றாண்டு, எம்.எஸ்ஸி. இரண்டாண்டு, கூட்டினால் ஐந்தாண்டு. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி.யும் அதே ஐந்தாண்டுதான். இங்கே மிஞ்சுவது காலம் அன்று. நுழைவுத் தேர்வின் அலைச்சல் மட்டுமே. எம்.சி.ஏ.வின் கதையும் இத்தகையதே. முன்பு அது மூன்றாண்டுப் படிப்பாக இருந்தது. பி.சி.ஏ. மூன்றாண்டையும் சேர்த்தால் ஆறாண்டு என்பதால், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.சி.ஏ.வில் ஓராண்டு இலாபம் இருந்தது. 2020-21ஆம் கல்வியாண்டு முதல் எம்.சி.ஏ. இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னரும் அப்பழைய கணக்கைச் சொல்லி யாரேனும் அழைத்தால், அக்கணக்கு காலாவதியாகிவிட்டது என்று சொல்லுங்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, நான்காண்டு இளநிலைக்குப் பின் ஓராண்டு முதுநிலை என்ற வழியையும் வகுத்துள்ளது. அதுவும் ஐந்தாண்டே.

ஆகவே, "காலம் குறையும்" என்ற ஒரே காரணத்திற்காக இப்படிப்பைத் தேர்ந்தெடுத்தல் சரியன்று. பாடத்தின் தரத்திற்காகவும் கல்லூரியின் சிறப்பிற்காகவும் தேர்ந்தெடுத்தலே முறையாகும்.

பாதியில் நின்றால் என்ன கிடைக்கும்?

அன்பர்களே, நாம் இன்று சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே.

அரபிக் கல்லூரியில் ஏழாண்டு ஓதியவர் மவ்லவி ஆலிம் ஸனது பெறுகிறார். ஐந்தாம் ஆண்டில் வீட்டுச் சூழலால் நின்றவர், ஓதியது நெஞ்சில் இருந்தும், கையில் ஸனது இன்றி நிற்கிறார். ஒருங்கிணைந்த பட்டப் படிப்பிலும் இந்நிலை நேரலாம். தனியே பி.சி.ஏ. சேர்ந்த பிள்ளை மூன்றாண்டில் ஒரு பட்டத்தோடு வெளிவருகிறது. அதன் பின் வேலைக்குச் செல்வதா, மேலே பயில்வதா என்பதை அப்போது முடிவு செய்யலாம். ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்த பிள்ளையோ, மூன்றாண்டின் முடிவில் ஒரு பட்டத்தோடு விலக முடியுமா என்பது அந்தந்தக் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. விலகும் வழி இல்லாத இடத்தில், மூன்றாண்டு பயின்ற பிள்ளையிடம் மதிப்பெண் பட்டியல்கள் இருக்கும், பட்டம் இராது. பட்டம் கேட்கும் அரசுத் தேர்வை எழுத இயலாது. வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் பெறப் பட்டச் சான்றிதழும் இராது.

நம் சமுதாயத்தில் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கின்றனர்? தந்தை வளைகுடாவில் வேலை இழந்து திரும்புகிறார். மூத்த மகன் குடும்பப் பாரத்தைச் சுமக்க நேர்கிறது. மகளுக்கு நல்ல இடத்தில் வரன் வந்துவிட்டது என்று மூன்றாம் ஆண்டில் நிக்காஹ் பேசுகிறோம். ஆண் பிள்ளை நின்றால் மீண்டும் சேர்ந்து பயில ஏதேனும் வழி பிறக்கும். பெண் பிள்ளை நின்றால் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. எனவே பெண் மக்களின் பெற்றோர்க்கு அழுத்தமாகக் கூறுகிறோம்: ஐந்தாண்டுப் படிப்பில் மகளைச் சேர்ப்பீராயின், ஐந்தாண்டும் பயில விடுவோம் என்று முதலில் உங்களுக்குள் உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் வரன் அமைந்தாலும், படிப்பு முடியும் வரை பொறுப்பதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிக்கொள்ளுங்கள். அவ்வுறுதி இயலாதெனில், மூன்றாண்டுப் பட்டத்தில் சேருங்கள். பட்டத்தோடு நிற்கும் மகளுக்குப் பின்னொரு நாளில் எம்.சி.ஏ.வோ எம்.எஸ்ஸி.யோ சேரும் வாசல் திறந்தே இருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப் படிப்பின் அமைப்பு இவ்வகையில் கவனிக்கத்தக்கது. 2020இல் தொடங்கப்பட்ட அப்படிப்பில் அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்ஸி., நான்காண்டு பி.எஸ். என்று படிப்படியாக நிலைகள் உள்ளன. எந்நிலையில் நின்றாலும் அந்நிலைக்குரிய சான்று கிடைக்கும். ஒரே காலத்தில் இரண்டு படிப்புகளைப் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதி அளித்திருப்பதால், உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பட்டம் பயின்றுகொண்டே இதனையும் பயிலலாம். வீட்டிலிருந்தே பாடம் கேட்கலாம். தேர்வுக்கு மட்டும் மையத்திற்குச் சென்றால் போதும்.

எம்.எஸ்ஸி. வேறு, எம்.டெக். வேறு

ஐந்தாண்டு முடிவில் கையில் வருவது எந்தப் பட்டம் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பொறியியல் கல்லூரியில் பயின்றாலும் எம்.எஸ்ஸி. என்பது அறிவியல் பட்டமே. மென்பொருள் நிறுவனங்கள் பல, இவ்விரண்டிற்கும் பெரிய வேற்றுமை பாராமல் திறமையைச் சோதித்தே வேலை தருகின்றன. ஆனால் ஆசிரியர் பணியை நாடுவோர்க்கு வேற்றுமை உண்டு. கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதுநிலைப் பட்டத்தோடு நெட் அல்லது செட் தேர்வு வேண்டும். பொறியியல் கல்லூரியில் கணினிப் பொறியியல் கற்பிக்கப் பொறியியல் பட்டங்களே கேட்கப்படுகின்றன. எந்தத் திசையில் செல்லப் போகிறோம் என்பதை ஓரளவேனும் எண்ணிச் சேருதல் நலம்.

வெளிநாட்டில் மேற்படிப்பை நாடுவோர்க்கு ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு நன்மை உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பள்ளி முதல் இளநிலை வரை பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கின்றன. பன்னிரண்டோடு மூன்றைக் கூட்டினால் பதினைந்து. ஐந்தைக் கூட்டினால் பதினேழு. மூன்றாண்டுப் பட்டத்தோடு விண்ணப்பிப்போர் எதிர்கொள்ளும் தடை இவர்களுக்கு இல்லை.

செலவும் உதவியும்

ஐந்தாண்டுப் படிப்பு என்றால் ஐந்தாண்டுக் கட்டணம், ஐந்தாண்டு விடுதிச் செலவு. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் வட்டிக் கடனுக்கு அலையும் நிலை வேண்டா. தனியே பயில்வதிலும் சில ஆதாயங்கள் உள்ளன. பி.இ. முடித்து, கேட் தேர்வில் தகுதி பெற்று, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் பெற்ற கல்லூரியில் எம்.இ. சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இருபத்து நான்கு மாதங்களுக்குக் கணக்கிட்டால் 2,97,600 ரூபாய். ஓராண்டை மிச்சப்படுத்துவதா, உதவித்தொகையோடு இரண்டாண்டு பயில்வதா என்பதை வசதி குறைந்த குடும்பம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவரைப் பணியில் அமர்த்தி, சம்பளமும் கொடுத்து, தன் செலவில் எம்.டெக். பயில வைக்கும் திட்டத்தை விப்ரோ நிறுவனம் நடத்தி வருகிறது. இத்தகைய திட்டங்களில் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் ஒப்பந்தம் உண்டு. படித்துப் பார்த்தே கையொப்பம் இடுக.

சான்றிதழ் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2007 முதல் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு உள்ளது. சாதிச் சான்றிதழில் லெப்பை, இராவுத்தர், மரைக்காயர், தக்கனி முதலான உரிய பிரிவு குறிக்கப்பட்டிருத்தல் அவசியம். "முஸ்லிம்" என்று மட்டும் பொதுவாக எழுதப்பட்டிருந்தால் இடர் வரும். ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசுப் பட்டியலின்படி ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே பெற வேண்டும். மேலும், பி.இ. கலந்தாய்வின் வழியே கிடைக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டுச் சலுகையும், கல்லூரியே நேரடியாக நடத்தும் ஐந்தாண்டுப் படிப்பின் சேர்க்கைக்குப் பொருந்துமா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மாறும் துறையில் மாறாதது

2020இல் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் 2025இல் வெளிவந்தார். அவர் சேர்ந்தபோது சாட்ஜிபிடி என்ற பெயரையே உலகம் அறியாது. 2022 நவம்பரில்தான் அது வெளிவந்தது. 2023இல் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டன. ஐந்தாண்டு என்பது இத்துறையில் ஒரு யுகம். எனவே "செயற்கை நுண்ணறிவு", "தரவு அறிவியல்" என்ற பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். கணிதம், புள்ளியியல், தரவுக் கட்டமைப்பு, படிமுறை, இயக்க முறைமை ஆகிய அடிப்படைகளை நன்கு கற்பிக்கும் இடமா என்று பாருங்கள். ஸர்ஃபும் நஹ்வும் திடமாக ஓதியவர் எந்தக் கிதாபையும் திறந்து படித்துவிடுவார். அதுபோல், அடிப்படை வலுவானவர் புதிய கருவிகளையும் தாமே கற்றுக்கொள்வார். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமே பயிலாத பிள்ளைகளும் மனம் தளர வேண்டா. பட்டப் படிப்பு நிலையில் கணிதம் பயின்றவர்க்கும் எம்.சி.ஏ.வில் இடம் உண்டு. ஆகவே கணிதத் தாள் உள்ள பி.சி.ஏ.வைத் தேடிச் சேருங்கள்.

நிறைவாக

கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. முடிவில் எத்தனை பட்டச் சான்றிதழ்கள் தரப்படும்? மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் விலகினால் என்ன பட்டம்? ஐந்தாண்டிற்கும் மொத்தச் செலவு எவ்வளவு? கடந்த ஆண்டில் முடித்தவர்கள் எங்கே பணியில் உள்ளனர்? இவற்றிற்குத் தெளிவான விடை தரும் கல்லூரியில் தயங்காமல் சேர்க்கலாம். விடை மழுப்பலாக இருப்பின் வேறிடம் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்வி உதவி ஆண்டுக்காண்டு விண்ணப்பம் பெற்று வழங்கப்படுவது. ஐந்தாண்டுப் படிப்பில் சேரும் ஏழைப் பிள்ளைக்கு அது போதாது. முதலாண்டில் உதவிவிட்டு மூன்றாம் ஆண்டில் கைவிட்டால், நாம் கொடுத்ததும் வீண். பிள்ளை பயின்றதும் வீண். பத்துப் பேருக்கு ஓராண்டு கொடுப்பதைவிட, இரண்டு பேரை ஐந்தாண்டும் கைப்பிடித்துக் கரை சேர்ப்பது மேல். நன்கு பயிலும் வரை இறுதியாண்டு வரை உதவி தொடரும் என்று சேர்க்கையின்போதே எழுத்தில் உறுதி கொடுங்கள். ஐந்தாண்டுப் படிப்பில் சேரத் துணியும் ஏழைப் பெற்றோர்க்கு அவ்வெழுத்தே பெரும் பலமாகும்.

நம் பிள்ளைகள் தொடங்கிய கல்வியை முழுமையாக முடித்துப் பயன்பெற வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.